பேரிங்கில் பூசிய திருநீறு

எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் யாரும் வரக் கூடாது. மலாயாவின் அலோர் காஜாவில் நான் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன், ஸ்பேனரை ஓங்கிக்கொண்டும் சொன்னேன். மதித்தது முதலாளி வீட்டுப் பூனை மட்டும்தான். அதுவும் என்மேல் இருந்த மரியாதையால் இல்லை, மண்ணெண்ணெய் வாடை அதற்கு ஆகாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அந்தக் கடைத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். வரத்தான் செய்யும். ஒரு மணல் பருக்கை உள்ளே போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கோபம் புரியும். எஞ்சினுக்கு அடியில் கிராங்க் என்று ஒரு கனத்த இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஏறி இறங்கும் பிஸ்டன்களின் கால்கள் அந்தத் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். கவ்வுகிற இடத்தில்தான் பேரிங். பழைய கார்களில் அதற்கு வெள்ளை உலோகம் ஊற்றியிருப்பார்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழும், அவ்வளவு மென்மை. இரும்புக்கும் அதற்கும் நடுவே இருப்பது எண்ணெய் மட்டும்தான். அந்த எண்ணெயில் மண் கலந்தால் பேரிங் தேயும், எஞ்சின் தட்டும், பிறகு நடுரோட்டில் கையை விரித்துவிடும்.

நடுரோட்டில் நிற்பது என்றால் அந்தக் காலத்தில் விளையாட்டு இல்லை. வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் விடிந்த பிறகுதான் திறப்பார்கள். இடையில் யாருக்கு என்ன வந்தாலும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சாலைகளில் அங்கங்கே தடுப்புப் போட்டுச் சோதனை வேறு.

அந்தச் சோதனையால் நான் பட்டது கொஞ்சமா? ஒருமுறை மலாக்கா டவுனிலிருந்து ஒரு டின் நல்ல கிரீஸ் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தடுப்பில் நின்ற காவலர், அரிசி மூட்டைகளைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பியை அந்த டின்னுக்குள் அடிவரை இறக்கினார். உள்ளே துப்பாக்கிக் குண்டு ஏதாவது ஒளித்திருக்கிறேனா என்று பார்க்கிறாராம். அதற்கு முன் அந்தக் கம்பி சாலையோர மண்ணில் குத்தி நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். "துவான், மண்ணு, மண்ணு" என்று கத்தினேன். ஒரு கிண்டு கிண்டிவிட்டுக் கம்பியை என் கண் முன்னாலேயே டின்னின் விளிம்பில் வழித்துக் கொடுத்தார். முழு டின்னையும் மாட்டுவண்டிக்காரர் ஒருவருக்கு அச்சில் தடவக் கொடுத்தேன். 

இந்தக் கதை அந்தக் கிரீஸைப் பற்றியது இல்லை. அதற்கடுத்த மாதம் பட்டறைக்கு வந்த ஒரு டாக்சியைப் பற்றியது.

டாக்சியின் சொந்தக்காரர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். அண்ணன் என்று கூப்பிடுவேன். அலோர் காஜாவுக்கும் மலாக்காவுக்கும் ஓட்டுவார். வீடு நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். மனைவி அங்கே பால் வெட்டுபவர் என்பதால் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே குடும்பம். தொணதொணவென்று பேசுவார், நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு, கடன் சொல்லாத மனிதர். வண்டி போருக்கு முந்தியது. அதன் வயதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

வண்டி தட்டுகிறது என்று கொண்டுவந்தார். ஸ்டார்ட் செய்து காட்டும் முன்பே, தெருமுனையில் வரும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. "அண்ணே, பேரிங் போச்சு. எறக்கித்தான் பாக்கணும்" என்றேன்.

"எத்தன நாளு ஆவும் தம்பி?"

"மலாக்காவுக்கு அனுப்பி உருக்கி ஊத்தணும். வந்தப்பறம் நான் சொரண்டி உக்கார வெக்கணும். அவசரப்பட்டா வேல கெட்டுரும்."

அவர் முகம் மாறிவிட்டது. பட்டறைக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போய், வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். மனைவிக்கு இது நிறைமாசம். முதல் பிள்ளைக்கு வலி கண்டது ஊரடங்கு நேரத்தில். கேட்டைத் திறக்கவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் தன்னால் ஆனதைச் செய்தார். விடிந்து கேட் திறந்தபோது பிள்ளை இல்லை. இந்த முறை அண்ணன் போலீஸ் ஸ்டேஷனான பாலாய்க்கு நடையாய் நடந்து, ராத்திரியில் பிரசவத்துக்குக் கேட்டைத் திறந்துவிட ஒரு அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். அந்தச் சீட்டு அந்தக் கார் நம்பருக்கு மட்டும்தான். வேறு எந்த வண்டிக்கும் செல்லாது. வேறு வண்டியும் லயத்தில் கிடையாது.

"வண்டி ராத்திரில வூட்டு வாசல்ல நிக்கணும் தம்பி. அவ்வளவுதான். நான் வேற எதுவும் கேக்கல."

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் ஏது? பிஸ்டன் கால்களைக் கழற்றி அன்றைக்கே மலாக்காவுக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர்கள் தங்கள் வசதிப்படி ஊற்றிக் கொடுத்தார்கள். அண்ணன் தினமும் காலையில் பஸ்ஸில் வந்து பட்டறை வாசலில் உட்காருவார், மாலையில் கேட் மூடுவதற்குள் பஸ்ஸில் திரும்புவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள்வி. "ஆச்சா தம்பி? இன்னும் எவ்வளவு தம்பி? இத ஏன் தம்பி திரும்பத் திரும்பக் கழட்டுற?" உயிரை வாங்கினார்.

ஏன் திரும்பத் திரும்பக் கழற்றினேன் என்றால், அதுதான் வேலை. தண்டின்மேல் நீலச் சாயத்தை லேசாகத் தடவி, பேரிங்கை மூடி, தண்டைச் சுற்றிவிட்டு, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அது மேடு. அந்த மேட்டை மட்டும் சுரண்டுகத்தியால் சீவ வேண்டும். தோசைக்கல்லில் ஒட்டிய மாவை வழிப்பதுபோல் அழுத்திச் சுரண்டினால் அவ்வளவுதான், திரும்ப மலாக்கா. மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவி, துடைத்து, சாயம் தடவி, மூடி, சுற்றி, திறந்து, மறுபடி சீவ வேண்டும். நீலம் பேரிங் முழுக்க ஒரே சீராக ஒட்டும்வரை இதே பாடு. துடைப்பதற்கென்றே முதலாளியின் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசிக் காயவைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து மூக்கைச் சிந்தியவன் ஒருவன் உண்டு, அவனை விடுங்கள்.

ஒரு வழியாக நாலும் உட்கார்ந்தன. வண்டி பட்டறைத் தரையில் தோண்டிய குழிமேல் நின்றது. நான் குழிக்குள் இறங்கி நின்றால் தலைக்கு மேலே கிராங்க் பளபளவென்று தெரியும். கழுவி, காற்றடித்து, சுத்தமான எண்ணெய் தடவிவிட்டேன். கீழ் மூடிகள் நாலையும் எண்ணெய் பூசி ஒரு தட்டில் அடுக்கி, குழியோரம் வைத்து, வேட்டித் துணியால் மூடினேன். இனி மூடிகளைப் பொருத்தி, முடுக்கி, அடித் தொட்டியை மாட்டி, எண்ணெய் ஊற்ற வேண்டியதுதான். சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடலாம் என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

முதலாளி வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு ஆயுத பூஜை.

எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே பட்டறையைக் கழுவி, மாவிலை கட்டி, வாழைக்கன்று நட்டாகிவிட்டது. ஆனால் பூஜை சாயங்காலம் என்றுதான் நினைத்திருந்தேன். முதலாளி பஞ்சாங்கம் பார்த்து, பகல் உச்சிக்கு முன் நல்ல நேரம் என்று மாற்றிவிட்டிருக்கிறார். ஸ்பேனர், சுத்தி, ஜாக்கி, அரம் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போய்விட்டன. வைத்த சாமானை மறுநாள் காலையில் மறுபடி கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடலாம். அது அந்தப் பட்டறையின் சட்டம்.

"மொதலாளி, எட்டு நட்டுதான் பாக்கி. முடுக்கிட்டுக் குடுத்துர்றேன்."

"நாளைக்கு முடுக்கு."

"அண்ணி மாசமா இருக்காங்க மொதலாளி. வண்டி இன்னிக்குப் போவணும்."

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் மேல் கணு இருக்காது. "ஒரு வருசம் இப்படித்தான், அவசரம்னு பூசையில வெச்ச ஜாக்கிய எடுத்தேன். எடுத்த வாரத்துலயே இது போச்சு. என் சாமானத் தொடாத. சொல்லிட்டேன் லா."

விரல் போனதற்குக் காரணம் ஜாக்கியின் தேய்ந்த பல் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை அப்போது சொல்லிப் பயன் இல்லை. நான் கையிலிருந்த துணியைத் தரையில் வீசினேன். பிறகு அதுதான் சுத்தமான துணி என்று ஞாபகம் வந்து என்னையே திட்டிக்கொண்டு எடுத்தேன். அரசாங்கம் ஒரு பக்கம் கேட்டைப் பூட்டுகிறது, சாமி ஒரு பக்கம் ஸ்பேனரைப் பூட்டுகிறது. நடுவில் நான் என்ன செய்வது?

அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மனிதர் பேசாமல் நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொணதொணத்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பூஜை நடந்தது. ஸ்பேனருக்குச் சந்தனம், ஜாக்கிக்குக் குங்குமம். அரிசிக் கட்டுப்பாட்டில் பொரி கிடைக்கவில்லை, கடலைச் சுண்டல் மட்டும். பூசணிக்காய் உடைத்தார்கள். நகராத டாக்சியின் முன் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார் முதலாளி. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் ஒரு கேடு.

சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். எதிர்ச்சாரியில் சீனர் ஒருவரின் பட்டறை. உள்ளே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டங், டங். அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. அந்தக் கடை ஸ்பேனர்களுக்கு இன்றைக்குப் பூஜை கிடையாது.

சுண்டலை அப்படியே அந்தக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் நீட்டிவிட்டு, விஷயத்தை மலாயில் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க நேரம் ஆனது. உன் சாமான் எல்லாம் இன்றைக்குச் சாமி கும்பிடுகிறதா என்று கேட்டார். பிறகு, எங்கள் பெருநாளில் என் சாமானும் தூங்கும், அப்போது நீ கொடு என்று சொல்லி, வேண்டிய அளவு ஸ்பேனர்களையும் ஒரு சுத்தியையும் சாக்கில் போட்டுக் கொடுத்தார். நான் சாலையைத் தாண்டி ஓடினேன். முதலாளியிடம் சாக்கைத் திறந்து காட்டினேன். "ஒங்க சாமானத் தொட மாட்டேன் மொதலாளி. இது அவுங்களுது." அவர் உள்ளே பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், "நான் சாப்புடப் போறேன். நான் ஒண்ணும் பாக்கல" என்று போய்விட்டார்.

இதுவரை சரி. குழியை எட்டிப் பார்க்கிறேன், உள்ளேயிருந்து அண்ணன் ஏறி வருகிறார்.

வெள்ளைச் சட்டையில் தோள்முழுக்க எண்ணெய். ஒரு கையில் சுருக்குப்பை. இன்னொரு கையின் மூன்று விரல்களும் சாம்பலும் எண்ணெயுமாகக் கறுத்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நாலு எடத்துலயும் பூசிட்டேன் தம்பி. தட்டுல இருந்ததுக்கும் பூசிட்டேன். எங்க தோட்டத்து மாரியாத்தா கோயில் துன்னூறு. எல்லாரும் வண்டிக்கு வெளிய பூசறான். வெளிய பூசி என்னா ஆவப் போவுது? உள்ளுக்குள்ள சுத்துறதுக்குத்தான பூசணும்?"

நான் குழிக்குள் குதித்தேன். கிராங்கின் நாலு கழுத்திலும் முப்பட்டை. சிவன் கோயில் குருக்கள்கூட அவ்வளவு நேராகப் போட மாட்டார். எண்ணெய் ஓடுகிற துவாரங்களின் வாயில், நெற்றிக்குப் பொட்டு வைப்பதுபோல் கட்டைவிரலால் அழுத்தி வைத்திருந்தார். தட்டில் இருந்த மூடிகளிலும் மூன்று மூன்று கோடு. நான் மூச்சைப் பிடித்துச் சீவிய அந்த வெள்ளை உலோகத்தின்மேல், வேட்டித் துணியை விலக்கிவிட்டு, சாம்பல். விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. கடையில் விற்கும் சலித்த திருநீறுகூட இல்லை அது. லயத்தில் சாணி வறட்டியைச் சுட்டு, மண்ணோடு அள்ளியது.

அப்போது எனக்கு அழுகைதான் வந்தது, கோபம்கூட இல்லை. அந்த மனிதருக்காகத்தான் இத்தனை நாள் மண்ணோடும் தூசியோடும் சண்டை போட்டேன். அவரே பயபக்தியோடு மண்ணைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்.

"அண்ணே, இதத் தொடைக்கணும்."

"ஐயோ, வேணாம் தம்பி! அவதான் தம்பி பூசச் சொன்னா. வேண்டிக்கிட்டுக் குடுத்து வுட்டிருக்கா. போன தடவ இந்த மாதிரி எதுவும் செய்யாமத்தான அப்படி ஆச்சு?"

"இது சாம்பல்ணே. பேரிங்க அறுத்துடும். பாதி வழியில நின்னுடும்."

"சாமி துன்னூறு எப்படி தம்பி அறுக்கும்?"

  அவர் கண் கலங்கி, குழியின் விளிம்பில் குந்தி, இரண்டு கையையும் எனக்கு முன்னால் கூப்பிவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் மண்ணையும் உராய்வையும் பற்றி வாதம் செய்ய என்னால் முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நியாலாஸுக்கு டுரியான் துங்கால் வழியாகத்தான் போக வேண்டும், நடுவில் சோதனைத் தடுப்புகள் வேறு. ஆறு மணிக்குக் கேட் மூடும்.

"சரிண்ணே. நீங்க பாலாய்க்குப் போயி அந்தச் சீட்ட ஒரு தடவ காட்டிட்டு வாங்க. இன்னிக்குத்தான் வண்டி கெளம்புதுன்னு சொல்லிட்டு வாங்க. சட்டைய அலசிட்டுப் போங்க, இப்படிப் போனா உள்ள வெச்சிருவான்."

"தொடைக்க மாட்டியே?"

"நான் மூடத்தான் போறேன்." அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் போனதும் ஆரம்பித்தேன். பிஸ்டன்களை மேலே தள்ளிவிட்டு, தண்டை முழுசாக மண்ணெண்ணெயில் கழுவினேன். எண்ணெய் துவாரங்கள்தான் என் உயிரை எடுத்தன. அழுத்தி வைத்த சாம்பல் எண்ணெயில் ஊறிப் பிசினாகி உள்ளே இறங்கியிருந்தது. கம்பி விட்டால் கீறும். மறுபடி எதிர்க்கடைக்கு ஓடி, தவுக்கே வீட்டுக் கோழிக்கூண்டில் கிடந்த இறகுகளைப் பொறுக்கி வந்தேன். மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு துவாரத்திலும் விட்டுச் சுழற்றி இழுத்தேன். முதல் இறகு கறுப்பாக வந்தது, அடுத்தது சாம்பல் நிறத்தில் வந்தது. வெள்ளையாக வெளியே வரும்வரை இழுத்தேன். சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். தலைக்கு மேலே வேலை என்பதால் மண்ணெண்ணெய் முழங்கை வழியாக இறங்கி அக்குளில் எரிந்தது. மூடிகளை வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் பருக்கை உலோகத்தில் புதைந்துவிடும். ஒரு மூடியில் ஒரு பருக்கை புதைந்தே இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுக்கியது. அதை எதிர்க்கடையில் இறகோடு வாங்கி வந்த சுரண்டுகத்தியின் முனையால் நெம்பி எடுத்து, அந்த இடத்தை மழுக்கினேன். எடுக்கும்போது அரசாங்கத்தையும் முதலாளியையும் அண்ணனையும் மாரியாத்தாவையும் பாகுபாடு இல்லாமல் திட்டினேன்.

பிறகு புது எண்ணெய். தண்டின் கழுத்துகளில் விரலால் தடவி, மூடிகளைப் பொருத்தி, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு முடுக்குக்கும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். கனமாக, ஆனால் வழவழவென்று சுற்றியது. எங்கேயும் உரசல் இல்லை. அடித் தொட்டியை மாட்டி, எண்ணெய் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றினேன், எண்ணெய் மேலே ஏறட்டும் என்று. தோள் கழன்று போயிற்று. அண்ணன் பாலாயிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து சேரும்போது கடைசிப் பிளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்படியே மூடிட்ட இல்ல தம்பி?"

"ஏறுங்கண்ணே. மெதுவா ஓட்டுங்க. புது பேரிங்கு, மெரட்டக் கூடாது."

எஞ்சின் பிடித்தது. தட்டுச் சத்தம் இல்லை. வண்டி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி, சாற்றைப் பீய்ச்சித் தெருவில் இறங்கி, திரும்பிய வேகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மெதுவாக என்றால் அவருக்கு இதுதான் அர்த்தம்.

அதற்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. எனக்கு நிம்மதி போயிற்று. ஏதாவது ஒரு துவாரத்தின் மடிப்பில் ஒரு பருக்கை தங்கியிருந்தால்? ராத்திரியில் கேட்டைத் தாண்டி, ரப்பர் காட்டுக்கு நடுவில், பிள்ளைத்தாய்ச்சியோடு வண்டி நின்றால்? தெருவில் எந்த வண்டி வந்தாலும் கை நின்றுவிடும், காது போய்விடும். முதலாளி கேட்டே விட்டார், யாருக்குடா காத்திருக்கே என்று. உங்கள் நல்ல நேரத்துக்குத்தான் என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசியில் ஒரு நாள் வந்தார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கேட்டேன், தட்டவில்லை. அண்ணன் இறங்கினார், பின்கதவைத் திறந்தார், துணியில் சுற்றிய பிள்ளையோடு அண்ணி இறங்கினார். பெண் குழந்தை. ஆயுத பூஜை கழிந்த அதே வாரத்தில் வலி கண்டிருக்கிறது, நடுராத்திரியில். சீட்டைக் காட்டியதும் கேட்டைத் திறந்திருக்கிறார்கள். மலாக்கா ஆஸ்பத்திரி வரை வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

அண்ணன் முதலாளியைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன், என் காதுபடவே சொல்கிறார். "எல்லாம் அந்தத் துன்னூறு மொதலாளி! எஞ்சினுக்கு உள்ளயே பூசிட்டேன்ல. உள்ள ஒக்காந்து கொண்டு போயி சேத்துருச்சு. தம்பி தொடைக்கணும்னுச்சு, நான்தான் வுடல."

முதலாளி பக்தியோடு தலையாட்டினார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர், அந்தக் கோயில் எங்கே இருக்கிறது, தன் லாரி எஞ்சினுக்குள்ளும் பூசலாமா என்று விசாரித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குழியோரம் போய், கையில் அகப்பட்ட நட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே துடைத்த நட்டு.

அண்ணி பிள்ளையோடு என்னிடம் வந்தார். அவரை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான, கண்ணை நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். வண்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, இவரு உள்ள பூசுனத நீங்க கழுவிட்டீங்கதான?"

அண்ணனுக்குக் கேட்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"நான் வண்டி முன்னால பூசச் சொல்லிக் குடுத்தேன். இந்த மனுசன் எஞ்சினுக்குள்ள பூசிட்டு வந்து பெருமையா சொல்லுது. நான் தெனமும் சாம்பல் போட்டுப் பித்தளைப் பானை தேய்க்கிறவ. சாம்பல் என்னா செய்யும்னு எனக்குத் தெரியாதா? அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"கழுவிட்டேன் அண்ணி. நல்லாவே கழுவிட்டேன்."

அண்ணி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரி வழி நெடுக எஞ்சின் சத்தத்தையேதான் கேட்டுக்கிட்டு வந்தேன். இவரு முன்னால ஒக்காந்து மாரியாத்தா மாரியாத்தான்னுதான் வந்தாரு. நானும் ஆத்தாவத்தான் கும்புட்டேன். ஆத்தா, இவரு பூசுன துன்னூற அந்தப் பட்டறத் தம்பி கழுவியிருக்கணும்னு."

 அத்தனை நாள் எரிச்சலுக்கும் அது போதுமானதாக இருந்தது. எதையாவது சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் வண்டிப் பக்கம் பானெட் திறக்கும் சத்தம். திரும்பினால், அண்ணன் எஞ்சின் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். அதே கையில் அந்தச் சுருக்குப்பையும். இன்னொரு கையின் மூன்று விரலால் தாராளமாக அள்ளிவிட்டார்.

"இது புள்ளைக்கு நேந்துக்கிட்ட துன்னூறு தம்பி. முன்னப் பூசுனது இத்தன நாள்ல தேஞ்சிருக்கும். இது ஒரு புடி உள்ள போட்டுரலாம்."

அவர் கை அந்த வாய்க்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. கத்தினால் காரணம் கேட்பார், கையைப் பிடித்தால் மனசு உடையும். நான் ஒரே எட்டில் போய், கைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தலையை நுழைத்தேன்.

"எனக்குப் பூசி வுடுங்கண்ணே."

அவர் திகைத்துப்போனார். கோயில் வாசலில்கூட நெற்றியைக் காட்டாதவன் நான், அது அவருக்கும் தெரியும். பிறகு முகம் மலர்ந்து, "நல்லா இரு தம்பி" என்று அந்தப் பிடி முழுவதையும் என் நெற்றியில் ஒரு காது முதல் மறு காது வரை இழுத்தார். நான் நிமிராமல், அவர் கையிலிருந்த மூடியை வாங்கி, பின்னால் கையை விட்டுத் தடவி, எண்ணெய் வாயை இறுக்கி மூடினேன். அண்ணி பிள்ளையின் துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

பாதிச் சாம்பல் என் கண்ணுக்குள் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் பட்டறை பூட்டும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.